சட்டப் படங்களுக்கு ஓர் அலமாரி: தருமபுரி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு வாசகசாலையில், சட்டம், கோர்ட், வக்கீல்கள் பற்றிய படங்களுக்கென்று தனி அலமாரி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மற்ற ஊர் நூலகர்கள், பள்ளி ஆசிரியர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நூலகத்தில் எதற்குச் சினிமா? சட்டம் தெரிய வேண்டுமென்றால் புத்தகம் இருக்கிறதே?

சட்டம் படிக்கிறவர்களுக்குப் புத்தகம் இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ முதல் முறையாக சம்மன் கையில் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு, கோர்ட் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்திருப்பது சினிமா ஒன்றுதான். நீதிபதி சுத்தியலால் தட்டி 'ஆர்டர், ஆர்டர்' என்பார், சாட்சி கீதைமேல் கை வைப்பார், அன்றைக்கே தீர்ப்பு வந்துவிடும் என்று நம்பி வருகிறார்கள். நம் நீதிபதிகளின் மேசையில் சுத்தியல் கிடையாது. 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பெயராலோ உளமார்ந்தோ வாயால் உறுதி சொன்னால் போதும்; எந்த நூலையும் தொட வேண்டியதில்லை. தீர்ப்பு இருக்கட்டும், பல நாள் வாய்தா தேதி மட்டும்தான் கிடைக்கும்.

இந்தப் பிம்பத்தைச் சினிமாவே உண்டாக்கியது. அதைத் திருத்தவும் சினிமாவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் எங்கள் அலமாரியில் படம் தனியாக இருக்காது. ஒவ்வொரு படத்தோடும் அதற்குப் பொருத்தமான ஒரு தீர்ப்பு அல்லது சட்டப்பிரிவு, எளிய தமிழில் ஒரு சீட்டாக இருக்கும். படத்தை வாங்குவது சுலபம். வேலையெல்லாம் அந்தச் சீட்டை எழுதுவதில்தான்.

எந்தப் படத்தில் தொடங்குவது?

உங்கள் ஊர் மண்ணிலிருந்து தொடங்குங்கள். எங்களுக்கு இரண்டு படங்கள் கையிலேயே இருந்தன.

முதலாவது 'கப்பலோட்டிய தமிழன்' (1961). வ.உ.சி.யைக் கப்பல் கம்பெனியோடு சேர்த்து நினைக்கிறோம். அவர் வக்கீல் என்பது மறந்துபோகிறது. 1908இல் திருநெல்வேலியில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு விதித்தார். ஒன்று ராஜதுரோகத்துக்கு, மற்றொன்று சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. சிவாவுக்குப் பத்தாண்டு. அந்தச் சிவா கடைசிக் காலத்தைக் கழித்து 1925இல் மறைந்தது நம் பாப்பாரப்பட்டியில். அங்கே நினைவிடத்துக்குப் போய்வந்த பள்ளிப் பிள்ளைகள் படத்தில் டி.கே. சண்முகம் சிவாவாக வரும்போது நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மேடைப் பேச்சுக்காக ஒரு வக்கீலை 40 ஆண்டு உள்ளே தள்ள முடிந்த சட்டப்பிரிவு எது, அது பின்னாளில் என்ன ஆனது என்பதுதான் சீட்டு. அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதே இடத்தில் வேறு சொற்களோடு 152ஆம் பிரிவு நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம்.

இரண்டாவது 'திக்கற்ற பார்வதி' (1974). ராஜாஜியின் கதை, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தது, இசை வீணை சிட்டிபாபு. ராஜாஜி பிறந்த ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியிலேயே எடுத்த படம். கடன் வாங்கி வண்டி மாடு வாங்குகிற ஒரு குடும்பம் குடியாலும் கடனாலும் சிதைந்து, வழக்கில் போய் முடிகிறது. எழுதியவர் சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர். சென்னை மாகாணத்தின் தலைவராக வந்ததும் 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான்; தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தன. ஒரு வக்கீல் கோர்ட்டில் கண்ட குடும்பங்களை வைத்துக் கதை எழுதி, பிறகு சட்டமும் போட்டார் என்கிற கோணத்தில் இந்தப் படத்தைப் பார்த்தால் அதன் கனமே வேறு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்த நூலகம் இப்படி ஓர் அலமாரி வைத்தாலும் முதல் இடம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

வாச்சாத்தி பற்றிய படம் வைத்திருக்கிறீர்களா?

அடிக்கடி வரும் கேள்வி இது. 'விடுதலை' முதல் பாகம் (2023) பார்த்துவிட்டு "இது நம்ம வாச்சாத்திதானே சார்?" என்று கேட்டு வருவார்கள். அந்தப் படம் ஜெயமோகனின் 'துணைவன்' கதையை அடிப்படையாகக் கொண்டது. வாச்சாத்தி வழக்கை அது சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்சிகளைப் பார்க்கும் நம் மாவட்டத்துக்காரருக்கு வேறெந்த ஊரும் நினைவுக்கு வராது. அதனால் படத்தை வைத்திருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் வழக்கின் கோப்பு இருக்கிறது.

அந்தக் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக்கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கு சிபிஐ கைக்குப் போகவே உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அதில் 17 பேர் மேல் வன்கொடுமைக் குற்றம். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் நேரில் அந்த ஊருக்கே வந்து பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று, முதல் தீர்ப்பின் அதே தேதியில், தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னார்.

இந்தத் தீர்ப்பு வந்தது சென்னையிலோ டெல்லியிலோ இல்லை, நம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிற கோர்ட்டில். தீர்ப்பை அச்செடுத்து வைப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். நீதிமன்றமே தடை போட்டிருந்தால் தவிர, தீர்ப்பை மறுபதிப்புச் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரையோ அடையாளத்தையோ எந்தச் சீட்டிலும் எழுதாதீர்கள். அதை வெளியிடுவது குற்றம்.

'கல்லூரி' படமும் அந்த அலமாரியில் இருக்கிறதே. அது காதல் படம் அல்லவா?

2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில் பேருந்து எரிக்கப்பட்டு வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் இறந்ததை மனதில் வைத்து எடுத்த படம். படத்தில் கோர்ட் வராது. வழக்கோ சேலத்துக்கு மாற்றப்பட்டு, மூவருக்குத் தூக்குத் தண்டனை, 2010இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதி, 2016இல் ஆயுளாகக் குறைப்பு, 2018இல் விடுதலை என்று நீண்டது. படம் முடிகிற இடத்தில் சட்டம் தொடங்குகிறது. அதனால்தான் வைத்திருக்கிறோம்.

பழைய கோர்ட் வசனப் படங்களில் உண்மையே இல்லையே. அவற்றை வைக்கலாமா?

கட்டாயம் வைக்க வேண்டும். தமிழர்களுக்குக் கோர்ட் என்றால் முதலில் காதில் கேட்பது அந்த வசனங்கள்தான். 'பராசக்தி' (1952) இல்லாத சட்ட அலமாரி தமிழில் இருக்கக் கூடாது. அதில் தங்கை கல்யாணியின் வழக்கை விசாரிப்பவர் அவளுடைய அண்ணனே. அவருக்கே அது தெரியாது. அந்த டிவிடி பெட்டிக்குள் நாங்கள் வைத்திருக்கும் சீட்டு இவ்வளவுதான்:

"தனக்குச் சொந்த நலன் உள்ள வழக்கை ஒரு நீதிபதி விசாரிக்க முடியாது. தெரிந்ததும் விலகிக்கொள்ள வேண்டும். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசு செலவில் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். கல்யாணிக்கு இன்றைக்கு அப்படி ஒரு வக்கீல் இருந்திருப்பார். அவர் என்ன வாதாடியிருப்பார்?"

கடைசிக் கேள்விக்கு வாசகர்கள் பின்பக்கத்தில் பென்சிலால் பதில் எழுதிவிட்டுப் போகிறார்கள். இரண்டு முறை சீட்டை மாற்ற வேண்டி வந்தது.

'விதி' (1984) வந்த காலத்தில் அதன் வசன கேசட் டீக்கடை தோறும் ஓடியது. ஏமாற்றப்பட்ட பெண் தன் குழந்தைக்குத் தகப்பன் யார் என்று கோர்ட்டில் நிலைநாட்டப் போராடுகிற கதை. எங்கள் வாசகசாலையில் இதைப் பார்த்த ஒரு மாலை நன்றாக நினைவிருக்கிறது. சுஜாதா வாதாடும் இடத்தில் சுய உதவிக் குழுவிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர், "இதுக்கெல்லாம் இப்ப ரத்த டெஸ்ட் இருக்குதில்லைங்க, எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றார். கூட இருந்த ஜூனியர் வக்கீல் படத்தை நிறுத்திவிட்டு, மரபணுப் பரிசோதனைக்குக் கோர்ட் எப்போது உத்தரவிடும், எப்போது விடாது, கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதையெல்லாம் சொன்னார். படத்தை மறுபடி ஓட விட யாரும் கேட்கவில்லை. கேள்விகள்தான் வந்துகொண்டே இருந்தன. சட்டத்தைப் படம் சரியாகக் காட்டவில்லை என்பது ஒரு குறையே இல்லை என்று எனக்கு உறுதியானது அன்றைக்குத்தான். மக்கள் கேட்கத் தயங்கும் கேள்வியை அது கேட்க வைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

'கௌரவம்' (1973) வக்கீல்களுக்காக. பாரிஸ்டர் ரஜினிகாந்தும் அவர் வளர்த்த கண்ணனும் ஒரே கோர்ட்டில் எதிரெதிராக நிற்கிறார்கள், இருவரும் சிவாஜி. குற்றம் செய்தவன் என்று மனதுக்குத் தெரிந்தவனுக்காக வாதாடலாமா என்கிற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பார் கவுன்சில் விதி 'வாதாட வேண்டும்' என்கிறது. இதைச் சொன்னால் பலருக்கும் ஆச்சரியம்.

புதிய படங்களில் எவை, எந்தத் தீர்ப்போடு?

'கார்கி' (2022): குழந்தைக்கு எதிரான குற்றத்தில் கைதானவருக்காக வக்கீல்கள் யாரும் ஆஜராக மறுக்க, திக்கிப் பேசும் ஒரு ஜூனியர் முன்வருகிறார். இதற்குத் துணை, முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2010இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 'இன்னாருக்கு ஆஜராக மாட்டோம்' என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போடுவது செல்லாது என்று சொன்ன தீர்ப்பு அது, கோயம்புத்தூரில் தொடங்கிய வழக்கு. எங்கள் அலமாரியில் படமும் தீர்ப்பும் மிகச் சரியாகப் பொருந்துகிற ஜோடி இதுதான். படத்தின் முடிவைச் சீட்டில் எழுதிவிடாதீர்கள்.

'விசாரணை': மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வந்தது. துணை, டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கைது நெறிமுறைகள். கைது செய்கிறவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சீட்டை மட்டும் படத்தை இரவல் எடுக்காதவர்களும் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

'ஜெய் பீம்' (2021): ஆட்கொணர்வு மனு (காவலில் வைக்கப்பட்டவரைக் கோர்ட் முன் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லவில்லை. பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு வக்கீலாக நடத்திய 1993 வழக்கு இது. நிஜத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் குறவர் சமூகம், படத்தில் இருளர். இந்த வேறுபாட்டைச் சீட்டில் சொல்வது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் மரியாதை. கிருஷ்ணகிரி மலைகளில் வாழும் இருளர் பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேறு விதமாகவும் நெருக்கமானது.

'விட்னஸ்' (2022): சாக்கடைக்குள் இறக்கிவிடப்பட்டு இறக்கும் இளைஞன், நியாயம் கேட்டுப் போகும் துப்புரவுத் தொழிலாளியான தாய். துணை, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டின் சட்டமும், இப்படி இறப்போர் குடும்பத்துக்கு இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்திய 2023 அக்டோபர் தீர்ப்பும்.

படங்களில் சொல்லும் செக்ஷன் எல்லாம் இப்போது மாறிவிட்டதே?

ஆமாம். 2024 ஜூலை 1 முதல் பழைய மூன்று சட்டங்களுக்குப் பதில் புதியவை வந்துவிட்டன. கொலைக்கு 302 என்று படத்தில் கேட்பது இப்போது 103. ஏமாற்றுக்கு 420 என்பது 318. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய எண்தான் பொருந்தும். அலமாரிக் கதவில் பழைய எண், புதிய எண் பட்டியல் ஒன்றை ஒட்டிவிடுங்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதற்காகவே வருவார்கள்.

டிவிடியை இரவல் கொடுப்பது சட்டப்படி சரியா? திரையிடலாமா?

இரண்டும் வேறு வேறு விஷயம்.

இரவல் கொடுக்கலாம். படத்தை வணிக நோக்கில் வாடகைக்கு விடும் உரிமை தயாரிப்பாளருக்கு மட்டும்தான். ஆனால் 2012 திருத்தத்துக்குப் பிறகு, முறையாக வாங்கிய பிரதியை லாப நோக்கில்லாத நூலகமோ கல்வி நிறுவனமோ லாபமின்றி இரவல் கொடுப்பது 'வணிக வாடகை' ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. 'முறையாக வாங்கிய' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் திருட்டு விசிடி குண்டர் சட்டத்துக்குள்ளேயே வருகிறது. சட்ட அலமாரியில் திருட்டு டிஸ்க் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

திரையிடுவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பள்ளி, கல்லூரியின் நடவடிக்கையாக மாணவர், ஆசிரியர், பெற்றோர், அந்த நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்ப்பதற்கு 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஊர்ப் பொதுமக்களைக் கூப்பிட்டு நூலகத்தில் போட்டால் அந்த விலக்கு இல்லை. தயாரிப்பாளருக்கோ உரிமை வைத்திருப்பவருக்கோ கடிதம் எழுதுங்கள். என்ன படம், எந்த ஊர், எத்தனை பேர், டிக்கெட் இல்லை, பின்னால் சட்டக் கலந்துரையாடல் உண்டு என்று ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதினால் மதித்துப் பதில் போடுகிறார்கள்.

பழைய படங்களுக்கு வழி எளிது. படத்தின் பதிப்புரிமை, வெளிவந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 'பராசக்தி'க்கு 2012 முடிவிலும் 'கப்பலோட்டிய தமிழ'னுக்கு 2021 முடிவிலும் அது தீர்ந்துவிட்டது. ஆனால் வசனம், பாட்டு, இசை ஆகியவற்றுக்கு அவற்றை ஆக்கியவர் இறந்து 60 ஆண்டு வரை தனி உரிமை நிற்கலாம் என்பதால், பழைய படத்துக்கும் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஓடிடியில் மட்டும் வந்த படத்தை என்ன செய்வது?

'ஜெய் பீம்', 'பொன்மகள் வந்தாள்' போன்றவை நேராக ஓடிடிக்கே வந்தவை. சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பது நிபந்தனை. நூலகக் கணக்கு என்று ஒன்றை எடுத்து எல்லோருக்கும் போட்டுக்காட்ட முடியாது. இவற்றுக்குக் காலிப் பெட்டி ஒன்றை அலமாரியில் வைத்து, எங்கே பார்க்கலாம் என்ற குறிப்பையும் தீர்ப்புச் சீட்டையும் உள்ளே போட்டுவிடுகிறோம். வீட்டில் பார்த்துவிட்டுச் சீட்டுக்காக நூலகம் வருகிறார்கள்.

வேற்று மொழிப் படங்கள் தேவையா?

ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. 'விதி'யின் மூலமான தெலுங்கு 'நியாயம் காவாலி', நிலத்தை விற்க அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்க அலையும் மகனைக் காட்டும் கன்னட 'திதி' இரண்டும் அங்கே இருக்க வேண்டியவை. மராத்தியில் சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' (2014) என் கணக்கில் இந்தியாவின் மிகச் சிறந்த நீதிமன்றப் படம். வாய்தா, பெஞ்ச் கிளார்க், மின்விசிறிச் சத்தம், அடுத்த கேஸ் என்று அதில் வருகிற கோர்ட்தான் நம் கோர்ட். ரோட்டுக் குழிக்காக ஒரு திருடன் மந்திரிமேலேயே கேஸ் போடும் மலையாள 'ன்னா தான் கேஸ் கொடு' (2022) எல்லோருக்கும் பிடிக்கும்.

ஆங்கிலத்தில் '12 ஆங்க்ரி மென்' (1957) ஒன்று போதும் தொடக்கத்துக்கு. அதில் வருகிற ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம்ம பாகவதர் கதையைச் சொல்லுங்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945இல் குற்றவாளிகள் என்று சொன்னது ஜூரிதான். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் விடுதலை ஆனார்கள். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது.

என்கவுன்டர் படங்கள்?

போலீஸ் சுட்டுத் தள்ளுவதை நியாயம் என்று கைதட்ட வைக்கும் படங்களை நான் சேர்ப்பதில்லை. ஆய்வுக்கு வேண்டுமென்று கேட்டால், என்கவுன்டர் மரணம் ஒவ்வொன்றுக்கும் எஃப்ஐஆரும் தனி விசாரணையும் வேண்டும் என்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு சேர்த்துக் கொடுக்கத் தயார்.

சிறுவர்களுக்குக் கொடுக்கலாமா?

பெட்டியிலிருக்கும் தணிக்கைச் சான்றைப் பாருங்கள். 'விசாரணை', 'கார்கி' இரண்டையும் பெரியவர் துணையில்லாமல் நாங்கள் கொடுப்பதில்லை.

எந்தப் படம் கிடைக்காமல் ஏங்குகிறீர்கள்?

நிலத் தகராறு. நம் கோர்ட்டுகளில் வரப்பு, பாதை, பாகப்பிரிவினை, பட்டா வழக்குகள்தான் குவிந்துகிடக்கின்றன. சினிமாவுக்கு அது சுவாரசியமில்லை. அப்புறம் விபத்து இழப்பீடு. தொப்பூர் கணவாயில் விபத்துச் செய்தி வராத வருடமே இல்லை. கணவனை இழந்த பெண் தீர்ப்பாயத்தில் என்ன கேட்க வேண்டும், யார் கையில் எதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக் கூடாது என்று காட்டுகிற ஒரு முழுப்படம் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. அந்த இடத்தை நிரப்ப, ஓய்வுபெற்ற வக்கீல்களையும் கோர்ட் ஊழியர்களையும் பேசவைத்துப் பதிவு செய்கிறோம். நடப்பில் இருக்கும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, கோர்ட் ஹாலுக்குள் கேமரா கூடாது என்பவை இரண்டு கட்டுப்பாடுகள். அசல் வாதம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புவோருக்கு, உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையில் வருகின்றன.

படம் பார்த்துவிட்டுத் தன் சொந்த வழக்கைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

நாங்கள் ஆலோசனை சொல்வதில்லை, வழி சொல்கிறோம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் போடலாம். இந்த எண்ணை ஒவ்வொரு பெட்டியின் பின்னட்டையிலும் ஒட்டியிருக்கிறோம்.

பழைய டிஸ்க், கேசட் இருக்கிறது. கொடுக்கலாமா?

கொடுங்கள். ஒரிஜினல் லேபிளும் தணிக்கைச் சான்று எண்ணும் இருக்க வேண்டும். டிஸ்க்கைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். நம் ஊர் சித்திரை வெயில் படுகிற ஜன்னலோரம் கூடாது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, வட்டமாகத் துடைக்கக் கூடாது. 'விதி' வசன கேசட்டின் நல்ல பிரதி ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஓடுகிற நிலையில் யாரிடமாவது இருந்தால் இரவலாகக் கொடுத்தாலும் போதும்.